மன உளைச்சல் நீங்கலாக: ஆறு சொற்களில் மாறிய ஓர் உதவித்தொகை

"பஸ்ஸில வந்தனான்" என்றார் அண்ணா.

2017 கோடைக்காலம், லண்டனில் மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவர்களைக் கேள்வி கேட்டுப் பார்க்கும் ஒரு மதிப்பீட்டு மையம். அண்ணா எங்கள் தெருக்காரர். ஐம்பதை நெருங்கும் வயது. வன்னியில் நடந்ததைப் பற்றி எவரிடமும் பேச மாட்டார். மொழிபெயர்க்கவும் துணைக்குமாக நான் போயிருந்தேன், அந்தப் பக்கம் அவர் மனைவி, அக்கா. "இன்றைக்கு எப்படி வந்தீர்கள்?" என்று மதிப்பீட்டாளர் கேட்டது வெயிலைப் பற்றி விசாரிப்பது போலத்தான் இருந்தது. அண்ணாவும் அப்படியே பதில் சொல்லிவிட்டார். மாடி பஸ்ஸில் தலைக்கு மேல் ஆட்கள் தடதடவென்று நடந்த சத்தத்தில் அக்காவின் மணிக்கட்டை அவர் பிடித்த பிடியை அவர் சொல்லவில்லை. வளையல் தோலில் பதிந்திருந்தது. இரண்டு தரிப்பு முன்னாலேயே இறங்கி மிச்சத் தூரத்தை நடந்து வந்தோம், அதையும் சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. கேட்டதை மட்டும் மொழிபெயர்ப்பதுதான் ஒழுங்கு என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

அப்புறம் "எப்படி இருக்கிறீர்கள்?" என்ற கேள்வி வந்தது. நம்மவரிடம் அப்படிக் கேட்டால் என்ன பதில் வரும்? "நல்லா இருக்கிறன்." வருத்தத்தை அந்நியர் முன்னால் கடை விரிக்காமல் இருப்பதை மரியாதை என்று நினைத்து வளர்ந்தவர்கள் நாம்.

சில வாரங்களில் கடிதம் வந்தது. நடமாட்டப் பிரிவில் 4 புள்ளி. பணம் வருவதற்கு 8 புள்ளி வேண்டும்.

பஸ் பதில்தான் கெடுத்தது என்று எனக்குக் கோபம், அதிலும் அந்த மதிப்பீட்டாளர் மேல். அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்தபோதுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது. பஸ்ஸில் வந்தது எழுதியிருந்தது உண்மைதான். ஆனால் அதற்குக் கீழே, மனைவி கூட இல்லாமல் இவர் வெளியே போவதில்லை, அதற்குக் காரணம் கடும் மன உளைச்சல் என்றும் எழுதியிருந்தது. அண்ணா சொன்னதை அந்த அம்மையார் நம்பியிருக்கிறார். நம்பியதால்தான் 4 புள்ளி. நான் கோபப்பட்டது தப்பான ஆள் மேல்.

புள்ளிக் கணக்கு

பிரிட்டனில் (இன்று ஸ்காட்லாந்து நீங்கலாக) வேலை செய்யும் வயதில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான முக்கிய உதவித்தொகைக்குப் பெயர் பி.ஐ.பி. நம் ஆட்கள் வாயில் அது "பிப்". 1992 முதல் இருந்த பழைய கொடுப்பனவுக்குப் பதிலாக, 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 2013 ஏப்ரலில் தொடங்கியது. வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிடைக்கும், வருமானம் பார்ப்பதில்லை. நோயின் பெயரும் கணக்கில் இல்லை. நோயால் எதைச் செய்ய முடியவில்லை என்பதே கேள்வி. கொள்கையளவில் இது நல்ல கேள்விதான், அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

பன்னிரண்டு செயல்கள் உண்டு. பத்து அன்றாட வாழ்வைச் சேர்ந்தவை: சமைப்பது, சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, மனிதரோடு பழகுவது, பணத்தைக் கையாள்வது என்று போகும். மற்ற இரண்டும் நடமாட்டம்: ஒன்று உடலால் எவ்வளவு தூரம் போக முடியும், மற்றது வழியறிந்து பயணம் போக முடியுமா. ஒவ்வொரு செயலுக்கும் படிப்படியாகச் சில வாசகங்கள், வாசகத்துக்கு ஒரு புள்ளி. ஒரு பிரிவில் 8 வந்தால் சாதாரண விகிதம், 12 வந்தால் உயர் விகிதம்.

செய்ய முடியும் என்று சொல்வதற்கும் ஒரு வரையறை வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பாக, ஏற்கத்தக்க தரத்தில், தேவைப்படும் தடவையெல்லாம், நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிய வேண்டும். மற்றவரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நேரம் எடுத்தால் அது செய்ய முடிந்ததாகாது. விதி 4 என்று இதற்குப் பெயர். இந்த ஒரு விதியைத் தெரிந்துகொண்டு படிவம் நிரப்புபவருக்கும் தெரியாமல் நிரப்புபவருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

இந்தக் கட்டுரை சுற்றிவருவது பயணச் செயலை. அதன் வாசகங்களைச் சுருக்கித் தருகிறேன். கடும் உளைச்சலைத் தவிர்க்க, வெளியே கிளம்புவதற்கே யாராவது தூண்டி ஊக்குவிக்க வேண்டியிருந்தால் 4 புள்ளி. வழியைத் திட்டமிடவே முடியாவிட்டால் 8. பழக்கமில்லாத வழியில் இன்னொருவர் துணையின்றிப் போக முடியாவிட்டால் 10. உளைச்சலால் எந்தப் பயணமும் போக முடியாவிட்டாலும் 10. பழகிய வழியிலேகூடத் துணையின்றிப் போக முடியாவிட்டால் 12.

அண்ணா எங்கே நிற்கிறார்? அக்கா கூட வந்தால் போவார், ஆகவே "எந்தப் பயணமும் முடியாது" என்ற வாசகம் பொருந்தாது. துணையின்றிக் கடைத்தெருவுக்கும் போக மாட்டார், ஆகவே 12. சாதாரணமாகப் படிக்கும் எவருக்கும் அப்படித்தான் தோன்றும்.

உதவித்தொகை வழக்குகளின் மேல்முறையீட்டைக் கேட்கும் மேல் தீர்ப்பாயத்துக்கும் அப்படித்தான் தோன்றியது. 2016 நவம்பர் 28 அன்று எம்.எச். என்ற எழுத்துகளால் மட்டும் குறிப்பிடப்படும் ஒருவரின் வழக்கில் மூன்று நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். வழியைத் தொடர முடியாமல் போவதற்குக் காரணம் மன உளைச்சலாகவும் இருக்கலாம், பார்வைக்குறையும் அறிவாற்றல் குறையும் மட்டும்தான் கணக்கு என்றில்லை என்பது அதன் சாரம்.

மூன்று மாதத்தில் ஒரு திருத்தம்

2017 ஜனவரியில் பிரதமர் தெரசா மே மனநலம் பற்றி ஒரு பெரிய உரை ஆற்றினார். மனநோயை மூடி மறைக்க வேண்டிய ஒன்றாகச் சமூகம் நடத்துவது அநீதி என்றார். அடுத்த மாதம், பிப்ரவரி 23 அன்று, அவருடைய அரசே பிப் ஒழுங்குவிதிகளுக்கு ஒரு திருத்தத்தை நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்தது. மார்ச் 16 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மக்களிடம் கருத்துக் கேட்கவில்லை.

திருத்தம் சின்னதுதான். பயணச் செயலின் மூன்று வாசகங்களுக்கு, அதாவது வழியைப் பற்றிய, 8, 10, 12 புள்ளி தரும் மூன்றுக்கும், முன்னால் ஒரு சொற்றொடர். ஆங்கிலத்தில் ஆறு சொற்கள். தமிழில் சொன்னால்: "மன உளைச்சல் அல்லாத காரணங்களால்".

இப்போது இரண்டு பேரை எண்ணிப் பாருங்கள். ஒருவருக்குக் கண் தெரியாது. இன்னொருவருக்கு வெளியே கால் வைத்தால் மூச்சுத் திணறி நெஞ்சு அடைக்கும், திக்குத் தெரியாமல் நின்றுவிடுவார். இருவருக்கும் பழகிய தெருவிலேயே கூட ஒருவர் வேண்டும். தேவை ஒன்றுதான், துணைக்கு வருபவர் செலவிடும் நேரமும் ஒன்றுதான். முதலாமவருக்கு 12 புள்ளி, அந்த ஆண்டின் விகிதப்படி வாரம் 58 பவுண்டு, விரும்பினால் அதைக் கொடுத்து, மாற்றுத்திறனாளிகளுக்குக் கார் குத்தகைக்கு விடும் மோட்டபிலிட்டி திட்டத்தில் ஒரு கார். இரண்டாமவருக்கு 4 புள்ளி, காசு இல்லை.

அரசு சொன்ன நியாயத்தையும் பதிவு செய்ய வேண்டும். விதியை எழுதியபோது எங்கள் நோக்கமே இதுதான், தீர்ப்பாயம் அதை விரித்துவிட்டது, நாங்கள் பழையபடி தெளிவுபடுத்துகிறோம், யாருடைய பணத்தையும் வெட்டவில்லை என்றார்கள். தீர்ப்பை அப்படியே விட்டால் ஐந்தாண்டுகளில் சுமார் 370 கோடி பவுண்டு கூடுதலாகச் செலவாகும் என்றும் கணக்குக் காட்டினார்கள். இந்தத் தொகையில் அதே காலத்தில் வந்த, சிகிச்சைக்கு உதவி பெறுவது பற்றிய இன்னொரு தீர்ப்பின் செலவும் சேர்ந்திருந்தது. பயண விதியால் மட்டும் 1,60,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்படுவார்கள் என்பதும் அரசின் சொந்தக் கணக்கே.

பிரதமரின் கொள்கை வாரியத்தின் தலைவராக இருந்த ஜார்ஜ் ஃப்ரீமன், பணம் உண்மையிலேயே ஊனமுற்றவர்களுக்குப் போக வேண்டும், பதற்றத்துக்கு வீட்டில் மாத்திரை போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு அல்ல என்ற பொருளில் வானொலியில் பேசிவிட்டு, பிறகு வருத்தம் தெரிவித்தார். என் பார்வையில், விதியின் உள்மனம் என்ன என்பதை அந்த வாய்தவறல் காட்டிக்கொடுத்துவிட்டது. சட்டத்தின் சாரம், நோய் முக்கியமில்லை, முடியாமைதான் முக்கியம் என்பது. திருத்தம் சொன்னது: முடியாமை முக்கியமில்லை, அது எங்கிருந்து வந்தது என்று சொல்.

அண்ணாவின் மதிப்பீடு இந்தத் திருத்தம் வந்த பிறகு நடந்தது. அதுதான் 4 புள்ளியின் கதை.

மேல்முறையீடு செய்யலாம் என்றேன். முதலில் உதவித்தொகையைக் கொடுக்கும் அரசுத் துறைக்கே எழுதிக் கட்டாய மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதுவும் கைவிட்டால் தீர்ப்பாயம். அங்கே ஒரு நீதிபதி, ஒரு மருத்துவர், மாற்றுத்திறன் பற்றி அனுபவம் உள்ள ஒருவர் என்று மூவர் இருப்பார்கள். அந்த ஆண்டுகளில் தீர்ப்பாயம் வரை போன பிப் வழக்குகளில் சுமார் பத்துக்கு ஏழு விண்ணப்பதாரர் பக்கம்தான் முடிந்தன. ஒரு தேர்வில் பத்து விடைத்தாளை மறுபடி திருத்தி அதில் ஏழுக்கு மதிப்பெண் மாறினால் முதலில் திருத்தியவரைப் பற்றி என்ன நினைப்போம்?

"வேண்டாம் தம்பி" என்றார் அண்ணா. "கோடு கச்சேரி எண்டு திரிய என்னால ஏலாது. வெளியால போக ஏலாதெண்டுதானே விண்ணப்பமே போட்டது."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. போயிருந்தாலும் புதிய விதி தீர்ப்பாயத்தின் கையையும் கட்டியிருக்கும்.

டிசம்பர் 21

இன்னொருவர் போனார். ஆர்.எஃப். என்ற எழுத்துகளில் மட்டும் அறியப்படும் ஒரு பெண். பப்ளிக் லா ப்ராஜெக்ட் என்ற சட்ட உதவி அமைப்பு அவருக்காக வழக்கை நடத்தியது. 2017 டிசம்பர் 21 அன்று உயர் நீதிமன்ற நீதிபதி மோஸ்டின் தீர்ப்பளித்தார். திருத்தம் மனநலப் பாதிப்பு உள்ளவர்களுக்கு எதிரான அப்பட்டமான பாகுபாடு என்றார். ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் பாகுபாட்டுத் தடைக்கு அது முரண் என்றார். இப்படி ஒரு விதியைச் செய்ய மூலச் சட்டம் அமைச்சருக்கு அதிகாரம் கொடுக்கவில்லை, கருத்துக் கேட்காமல் செய்ததும் தவறு என்றார். செலவைக் குறைக்க வேண்டும் என்பது, ஒரே தேவையுள்ள இரண்டு பேரை வேறுவேறாக நடத்துவதற்குக் காரணமாகாது என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படும் இடம்.

2018 ஜனவரியில் எஸ்தர் மெக்வே அமைச்சராக வந்து சில நாள்களிலேயே, அரசு மேல்முறையீடு செய்யாது என்று அறிவித்தார். பிறகு பிப் பெறும், பெற்றிருக்க வேண்டிய சுமார் 16 லட்சம் பேரின் கோப்புகளை மறுபடி பார்ப்பதாகச் சொன்னார்கள். 2,20,000 பேர் வரை பயன்பெறலாம் என்பது அப்போதைய மதிப்பீடு.

அண்ணாவின் கடிதம் 2019இல் வந்தது. யாரும் அவரைப் பார்க்கவில்லை, பேசவில்லை. பழைய அறிக்கையையே எடுத்துப் படித்து, 4 இருந்த இடத்தில் 12 போட்டிருந்தார்கள். நிலுவைத் தொகையும் வந்தது. கடிதத்தை நான் இரண்டு தடவை படித்துச் சொன்னேன். அக்காவுக்கு முகம் மலர்ந்தது. அண்ணா மட்டும் பழைய கடிதத்தை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து, புதியதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதே அறிக்கைதானே தம்பி?"

"ஓம் அண்ணா, அதேதான்."

மதிப்பீடு நியாயமா இல்லையா என்று பேசும்போது எல்லோரும் அந்த அறையைப் பற்றியே பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். மதிப்பீட்டு வேலை முதலில் ஏட்டோஸ், காப்பிட்டா என்ற இரு நிறுவனங்களிடம் கொடுக்கப்பட்டது. 2017-18இல் நாடாளுமன்றக் குழு ஒன்று இதை விசாரித்தபோது சுமார் 4,000 பேர் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பினார்கள், பெரும்பாலும் மனக்குமுறல். சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்ய வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. இத்தனையும் சரி. ஆனால் அண்ணாவின் கோப்பில் அறைக்குள் நடந்தது மாறவே இல்லை. ஒரே உடல், ஒரே மனம், ஒரே அறிக்கை. முதலில் 4, பிறகு 12. நடுவில் மாறியது விதியின் வாசகம் மட்டும்.

நீதிமன்றம் தொடாத எண்

இதே பிப்பில் இன்னொரு மாற்றமும் நீதிமன்றம் போனது. பழைய கொடுப்பனவில், நடக்க முடிகிறதா என்று பார்க்கும்போது 50 மீட்டரைத்தான் பொதுவாக அளவாக வைத்திருந்தார்கள். பிப்பில் உயர் விகிதத்துக்கு அதை 20 மீட்டராக்கினார்கள். கடைசி நேரத்தில், அதுவரை வந்த வரைவுகளில் வெளிப்படையாக இல்லாமல். எதிர்ப்பு எழுந்ததும் 2013இல் கருத்துக் கேட்டார்கள், கேட்டுவிட்டு 20-ஐயே வைத்துக்கொண்டார்கள். வழக்குப் போட்டவர் உயர் நீதிமன்றத்திலும் தோற்றார், 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றார்.

20 மீட்டர் என்றால் மாடி பஸ்கள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் நீளம். இருபத்தைந்து மீட்டர் நடப்பவர் கடைக்குப் போய் வருவாரா? ஆனாலும் இந்த எண் எல்லார் முன்னாலும் ஒரே மாதிரி நிற்கிறது. ஒரு பிரிவினரை மட்டும் பெயர் சொல்லி விலக்கினால் நீதிமன்றத்தின் கண்ணில் படும். கோட்டை எல்லாருக்குமாகச் சேர்த்து முன்னால் இழுத்துவிட்டால் படாது. ஆறு சொற்கள் தோற்றதும் ஓர் எண் ஜெயித்ததும் இதனால்தான் என்று நினைக்கிறேன். பின்னால் வந்தவர்கள் இதைக் கவனிக்காமல் இருந்திருப்பார்களா?

நான்கு புள்ளி

2025 மார்ச் 18. இம்முறை லேபர் அரசு, அமைச்சர் லிஸ் கெண்டல். அன்றாட வாழ்வுப் பிரிவில் 8 புள்ளி எடுத்தால் மட்டும் போதாது, ஏதாவது ஒரு செயலிலாவது 4 புள்ளி இருக்க வேண்டும் என்று ஒரு புது விதி. 2026 நவம்பரில் தொடங்குவதாக இருந்தது. இந்த விதியில் எந்த நோயின் பெயரும் இல்லை, உளைச்சல் என்ற சொல்லும் இல்லை. வெறும் எண்.

எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க விதிப்புத்தகத்தைத் திறக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே கழுவ இன்னொருவர் உதவி வேண்டுமென்றால் 2 புள்ளி. தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே கழுவ உதவி வேண்டுமென்றால் 4. காற்சட்டை போட்டுவிட ஆள் வேண்டுமென்றால் 2, சட்டை போட்டுவிட ஆள் வேண்டுமென்றால் 4. அதாவது குனிய முடியாத ஒருவருக்குக் கால் கழுவவும் கீழாடை உடுத்தவும் இன்னொருவர் உதவியும், சமைக்கும்போதும் கழிப்பறையிலும் கருவியும் தேவைப்பட்டாலும் அவர் இரண்டிரண்டாகத்தான் சேர்ப்பார். எட்டு வந்துவிடும், நான்கு வராது. மனநோய் உள்ளவருக்கும் இதே கதை. குளி, சாப்பாட்டை அடுப்பில் வை, உடுப்பை மாற்று என்று யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 2.

அண்ணாவின் அன்றாட வாழ்வுப் புள்ளிகள்: சமையல் 2, குளியல் 2, உடை 2, மனிதரோடு பழகுதல் 2.

2025இல் அதற்கு வாரம் 73.90 பவுண்டு. அதை நம்பித்தான் அக்கா தன் சுத்திகரிப்பு வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டு வீட்டில் நிற்கிறார்.

இந்த மாற்றத்தால் 2029-30 வாக்கில் சுமார் 8 லட்சம் பேர் பாதிக்கப்படுவார்கள் என்று, அரசின் நிதிக் கணக்கைச் சுயாதீனமாகக் கணிக்கும் வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகம் கணித்தது. மொத்தச் சீர்திருத்தத் தொகுப்பால் குழந்தைகள் 50,000 பேர் உட்பட இரண்டரை லட்சம் பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே போவார்கள் என்று அரசின் அறிக்கையே சொன்னது. ஆளுங்கட்சி உறுப்பினர்களே 120-க்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையொப்பமிட்டார்கள். ஜூன் கடைசியில் அரசு ஒரு படி இறங்கியது: ஏற்கெனவே பெறுபவர்களைத் தொட மாட்டோம், புதிதாக வருபவர்களுக்கு மட்டும் என்றது. அண்ணா தப்பித்தார். ஆனால் அதே நோய் ஒரு வருடம் பிந்தி வரும் இன்னொரு அண்ணாவுக்கு? ஒரே வீட்டில் இரண்டு சகோதரர்கள், ஒரே நோய், நோய் கண்ட தேதி மட்டும் வேறு என்றால்? இந்தச் சமரசம் எனக்கு முதல் யோசனையைவிட மோசமாகத்தான் பட்டது.

ஜூலை 1 அன்று விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே அமைச்சர் ஸ்டீஃபன் டிம்ஸ் எழுந்து, 4 புள்ளிப் பிரிவையே மசோதாவிலிருந்து எடுத்துவிடுவதாக அறிவித்தார். 335-க்கு 260 என்று மசோதா அந்தக் கட்டத்தைக் கடந்தது. மிச்சமிருந்தது சட்டமானது. அதன்படி, குறைந்த வருமானக்காரருக்கான யுனிவர்சல் கிரெடிட் என்ற உதவித்தொகையின் உடல்நலப் பகுதி, 2026 ஏப்ரல் முதல் புதிதாக வருபவர்களில் பெரும்பாலானோருக்கு வாரம் சுமார் 97 பவுண்டிலிருந்து 50 பவுண்டுக்கு இறங்குகிறது. அங்கே பழையவர், புதியவர் என்ற கோடு அப்படியே நின்றுவிட்டது. ஆரவாரத்தில் இதைப் பலர் கவனிக்கவில்லை. பிப் புள்ளி முறையை டிம்ஸ் தலைமையில், மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்துக்கொண்டு, முழுதாகப் பரிசீலிப்பது என்றும், 2026 இலையுதிர்காலத்துக்குள் அறிக்கை தருவது என்றும் முடிவானது.

அந்த ஜூலை இரவு அண்ணாவிடமிருந்து தொலைபேசி. "எடுத்துப்போட்டாங்களாம், உண்மையே?" உண்மைதான் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, மறுமதிப்பீட்டுப் படிவம் வந்திருக்கிறது, ஒரு மாதத்துக்குள் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள் என்றார்.

சனிக்கிழமை போனேன். அக்கா தேத்தண்ணி வைத்தார். பயணப் பக்கம் வந்ததும் நான் பேனாவை அண்ணா கையில் கொடுக்கவில்லை, அவரையும் கேட்கவில்லை. அக்காவைக் கேட்டேன்: கடைசியாக இரண்டு பேரும் பஸ்ஸில் போனது எப்போது, எந்தத் தரிப்பில் இறங்க வேண்டியிருந்தது, எங்கே இறங்கினீர்கள், இறங்கிய பிறகு எவ்வளவு நேரம் நின்றீர்கள். அவர் சொல்லச் சொல்லப் பெட்டி நிறைந்துவிட்டது. கூடுதல் தாள் ஒன்று ஒட்ட வேண்டியிருந்தது.